விருந்தாளியாக வருகிறேன்

லுவான்ஷியா
14 ஏப்ரல் 2002

தம்பி எவரிஸ்டோவுக்கு,

நலம்தானே? ஃபெபியும் குழந்தைகளும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். நான் நலம். மழைக்காலத்தில் முழங்கால் மட்டும் தனியாக முனகிக்கொண்டிருந்தது. மழை நின்றதும் அதுவும் வாயை மூடிக்கொண்டது.

அம்மா இறந்ததற்குப் பிறகு நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. மூன்று வருடம் ஆகிறது. நீயும் எழுதவில்லை. யார் முதலில் எழுதுவது என்று இரண்டு பேரும் காத்திருந்தால் நம் பிள்ளைகள்தான் எழுதிக்கொள்ள வேண்டியிருக்கும். எனக்குப் பிள்ளைகளும் இல்லை. அதனால் நானே எழுதிவிட்டேன்.

ஜூலை முப்பத்தொன்றோடு எனக்கு ஓய்வு. சுரங்க ஆஸ்பத்திரியின் எலும்பு முறிவு வார்டில் முப்பது வருடம் முடிகிறது. ஓய்வு பெறுகிறவர்களுக்கு இங்கே சோபாவோ குளிர்பெட்டியோ கொடுப்பது வழக்கம். மேட்ரன் என்னைக் கூப்பிட்டு, "பிரிஸ்கா, உனக்கு என்ன வேணும்? வெக்கப்படாம சொல்லு" என்றார். "சோபால உக்காந்து நான் என்ன பண்ணப் போறேன் மேட்ரன்? என்னை சஃபாரிக்கு அனுப்புங்க" என்றேன். அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார்கள்.

எந்த முகாம் என்பதையும் நானே சொன்னேன். வட லுவாங்வா பூங்கா, முசோலோ முகாம், ஆகஸ்ட் பன்னிரண்டு முதல் ஆறு நாள். நீ வழிகாட்டியாக இருக்கும் முகாம்தான். பதிவு ஆகிவிட்டது.

தெளிவாக ஒன்று சொல்கிறேன். நான் உன் வீட்டுக்கு வரவில்லை. முகாமுக்கு விருந்தாளியாக வருகிறேன். சுரங்கப் பயிற்சிப் பள்ளியில் நான் நாலு பேரிடம் நடந்து வாங்கிக் கொடுத்த எலக்ட்ரீஷியன் இடத்தை மூன்றே மாதத்தில் போட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் நீ அந்தக் காட்டுக்கு ஓடினாய். எதற்காக ஓடினாய் என்று பதினாறு வருடமாக எனக்கு விளங்கவில்லை. அது என்ன என்று என் கண்ணால் பார்க்க வேண்டும். வேறு ஒன்றுமில்லை.

பிரிஸ்கா கசுபா

*

முகுங்குலே
9 மே 2002

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

தம்பி எவரிஸ்டோ கைதட்டி வணங்கி எழுதுவது. இங்கே ஃபெபியும் மூன்று பிள்ளைகளும் சுகம். பெரியவள் சோலாவுக்கு முன்பல் இரண்டு விழுந்துவிட்டது. அதனால் பேசுவதைக் குறைப்பாள் என்று நினைத்தோம், குறைக்கவில்லை. உன் கடிதம் ம்பிகா தபாலாபீஸில் கிடந்து, பாதை காய்ந்த பிறகு முகாம் லாரியில் வந்து சேர்ந்தது.

நாலு தடவை படித்தேன். ஃபெபி ஒரு தடவை படித்துவிட்டு, "வரட்டும்" என்றாள். அவளுக்குச் சுலபம். முகாமில் வேலை செய்பவர்கள் பதினாலு பேர். அதில் ஐந்து பேருக்கு நீ அக்கா முறை, இரண்டு பேருக்குப் பெரியம்மா. சாப்பாட்டு மேசையில் பரிமாறுவது நம் சித்தி மகன் லாக்சன். விஷயத்தைச் சொன்னதும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணே, பிரிஸ்கா அக்காவுக்கு நான் எப்படி சூப் வைப்பேன்? மூத்தவங்கன்னு முட்டி போட்டு வைக்கணுமா, நின்னுக்கிட்டு வைக்கணுமா? முட்டி போட்டா முதலாளியம்மா திட்டும். நின்னா எங்கம்மா கொன்னுடும்."

அக்கா, யோசித்துப் பார். இங்கே வண்டியில் உட்கார்ந்து பார்க்கிற சஃபாரி இல்லை, நடைதான். முன்னால் துப்பாக்கியோடு காவலர் போனிஃபேஸ், அவனுக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் விருந்தாளிகள், கடைசியில் தேநீர்ப் பெட்டியோடு யோனா. தினமும் நாலு மணி நேரம். உன் முழங்கால் அதற்குச் சம்மதிக்குமா? பேசாமல் நம் வீட்டுக்கு வா. ஃபெபி வேர்க்கடலை போட்டுப் பூசணிக்கீரை கடைவாள். பிள்ளைகள் உன்னைப் பார்த்ததே இல்லை.

அன்று நீ சொன்னதை நான் மறந்துவிட்டேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய் எழுத வரவில்லை. அம்மாவைப் புதைத்த மறுநாள் நான் வந்து நின்றபோது, எல்லோர் முன்னாலும், "மிருகத்தோட இருந்து இருந்து நீயும் மிருகமாயிட்ட. மனுஷங்க சாவுக்கு ஏன் வந்தே?" என்றாய். நான் தாமதமானதற்குக் காரணம், ஆறு கரை உடைத்து ஓடியது. இரண்டு நாள் இந்தக் கரையில் நின்றேன். நீ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

தம்பி
எவரிஸ்டோ

*

லுவான்ஷியா
2 ஜூன் 2002

அன்புள்ள எவரிஸ்டோ,

ஆறு நிரம்பியதை நீ அன்றே சொல்லியிருக்கலாம். வாய் எதற்கு இருக்கிறது? உன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு இரண்டு நாள் நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை. வார்டில் பெண்கள் எனக்குக் காய்ச்சல் என்று நினைத்தார்கள்.

ஆனால் வருகிறேன். விருந்தாளியாகத்தான். லாக்சனிடம் சொல்: நின்றுகொண்டே வைக்கட்டும். சூப் சூடாக இருந்தால் போதும். அவன் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

முழங்காலைப் பற்றி நீ கவலைப்படாதே. முப்பது வருடம் நாற்பது கட்டில்களைச் சுற்றி நடந்த கால் இது. போன மாதத்திலிருந்து மாலை வேளையில் சுரங்க மண்மேட்டைச் சுற்றி வேகமாக நடக்கிறேன். முதல் நாள் தெருப் பிள்ளைகள், "சிஸ்டர், யாரு துரத்துறாங்க?" என்று கேட்டார்கள். "யானை" என்றேன். இப்போது தினமும் எனக்குப் பின்னால் ஆறேழு பேர் யானையாக ஓடி வருகிறார்கள்.

உங்கள் முகாம் அனுப்பிய தாளில் வெள்ளை உடுப்பு கூடாது, மண் நிறமோ இலை நிறமோ வேண்டும் என்று போட்டிருக்கிறது. என் அலமாரியைத் திறந்து பார்த்தேன். வெள்ளை, வெள்ளை, வெள்ளை, மாதா கோயிலுக்குப் போகும் சிவப்பு. சந்தையில் போய் ஆண்கள் போடும் பழைய காக்கிச் சட்டையும் கால்சட்டையும் இரண்டு ஜோடி வாங்கினேன். கண்ணாடியில் பார்த்தால் சுரங்க வாசலில் நிற்கும் வாட்ச்மேன் மாதிரி இருக்கிறேன். சிரிக்காதே.

பிள்ளைகளுக்கு என்ன அளவு செருப்பு என்று காலைக் காகிதத்தில் வரைந்து அனுப்பு.

பிரிஸ்கா

*

முசோலோ முகாம்
30 ஜூன் 2002

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று ஜோடிக் காலும் இத்துடன் வருகிறது. சின்னவன் கால் ஆடிக்கொண்டே இருந்ததால் அவனுக்கு மட்டும் ஆறு விரல் விழுந்துவிட்டது. ஐந்துதான்.

முகாம் திறந்துவிட்டோம். புல் வெட்டிக் குடிசைகளுக்குப் புதுக்கூரை போட்டாயிற்று. ஆற்றில் தண்ணீர் தெளிந்து முழங்காலளவுக்கு இறங்கிவிட்டது. உன்னோடு வருகிறவர்கள் ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து ஒரு இளம் ஜோடி, நார்வேயிலிருந்து ஹால்வோர் என்ற ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். மனைவியை இழந்தவர், தனியாக வருகிறார்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நடக்கும்போது நான் "நில்" என்றால் நிற்க வேண்டும். ஏன் என்று அப்போது கேட்கக் கூடாது, அப்புறம் கேட்கலாம். உன்னிடம் இதைக் கேட்பது எனக்கே விநோதமாக இருக்கிறது. சின்ன வயதிலிருந்து நில், உட்கார், படி, சாப்பிடு எல்லாம் நீ சொல்லி நான் செய்ததுதான். ஆறு நாள் மட்டும்.

எவரிஸ்டோ

*

முசோலோ முகாம், மூன்றாம் குடிசை
13 ஆகஸ்ட், மதியம்

எவரிஸ்டோ,

இந்தச் சீட்டை லாக்சனிடம் கொடுத்தனுப்புகிறேன். முப்பதடி தூரத்தில் நீ உட்கார்ந்திருக்கிறாய், ஆனாலும் பேச முடியவில்லை. காலையிலிருந்து என்னை நான்கு தடவை "மேடம்" என்று கூப்பிட்டுவிட்டாய். விருந்தாளியாக வருகிறேன் என்று எழுதினவள் நான்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உன் வாயிலிருந்து அது வரும்போது சோற்றில் மணல் கடிபடுவது போல இருக்கிறது.

நேற்று இரவுச் சாப்பாட்டில் உங்கள் சமையற்காரர் வைத்த கோழியின் மேல் ஒரு இலை மட்டும் இருந்தது. "களி இல்லையா?" என்று கேட்டேன். லாக்சன் ஓடிப்போய் வேலைக்காரர்கள் பானையிலிருந்து கொண்டுவந்தான், கபெந்தா கருவாட்டோடு. முட்டி போட்டான். "எந்திரிடா, குழம்பு கொட்டும்" என்றேன். நான் கையால் சாப்பிடுவதைப் பார்த்து ஹால்வோரும் அந்தப் பிள்ளைகளும் தங்களுக்கும் கேட்டார்கள். உன் முதலாளியம்மாவும் கேட்டாள். இது ஒன்றுதான் இதுவரை எனக்குத் திருப்தி.

இன்று எருமை காட்டினாய். பார்த்தேன். எருமை மாதிரியே இருந்தது. பிறகு சாணத்தைப் பிட்டுக் காட்டி அரை மணி நேரம் பேசினாய். ஹால்வோர் நோட்டில் எழுதிக்கொண்டார். முப்பது வருடம் பெட்பேன் தூக்கினவளுக்கு அதில் புதிதாக ஒன்றுமில்லை.

இன்னும் எனக்கு விளங்கவில்லை, எவரிஸ்டோ.

பி.

(சீட்டின் பின்பக்கம்)

அக்கா,

பின்பக்கமே எழுதுகிறேன், இங்கே காகிதம் கஷ்டம். "மேடம்" என்பது முகாம் சட்டம். நாளையிலிருந்து மீறுகிறேன்.

எருமை எருமை மாதிரி இருந்ததற்கு நான் பொறுப்பில்லை. நாளை மறுநாள் ஆற்றைக் கடந்து போகிறோம். நன்றாகச் சாப்பிடு.

எ.

*

லுவான்ஷியா
28 ஆகஸ்ட் 2002

அன்புள்ள தம்பிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் பத்து மணி நேரம். பக்கத்தில் இருந்தவர் கோழிக்குஞ்சுப் பெட்டியை என் மடியில் பாதி வைத்திருந்தார். அன்றைக்கு எனக்கு யார்மேலும் கோபம் வரவில்லை.

முகாமில் விடைபெறும்போது எல்லோரும் நின்றார்கள், பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். அன்று நடந்தது உனக்குத் தெரியும் என்று சொல்வாய். தெரியாது. நீ யானையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

ஆற்றைக் கடந்து அந்தப் புளியமரங்களுக்குப் பக்கமாகப் போனோம். போனிஃபேஸ் வழியெல்லாம் என்னிடம் வம்பு. அவன் யானைக் குலம், நமக்கும் அவர்களுக்கும் கேலி முறை அல்லவா. "சிஸ்டர், யானைங்க எல்லாம் எங்க அத்தைமாருங்க. நான் ஒரு வார்த்தை சொன்னா உங்களுக்கு வழி விட்டுடுவாங்க" என்றான். "உங்க அத்தைமாரு எல்லாம் உன்னை மாதிரி வெட்டிப்பேச்சா?" என்றேன். நீ கையைத் தூக்கினாய். வாயை மூடிக்கொண்டோம்.

காற்று என் பின்கழுத்தில் பட்டது. அதுவரை முகத்தில் அடித்த காற்று திரும்பிவிட்டது என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. உனக்கு அப்போதே புரிந்தது. உன் தோள் மாறியது. மரங்களுக்குப் பின்னாலிருந்து அவள் வந்தாள், குட்டியைப் பின்னால் விட்டுவிட்டு. சத்தமே இல்லை. அவ்வளவு பெரிய உடம்பு ஓடி வரும்போது பூமி அதிரும் என்று நினைத்திருந்தேன். அதிரவில்லை. தும்பிக்கையைச் சுருட்டிக் காதை ஒட்டவைத்துக்கொண்டு நேராக வந்தாள்.

"நில்" என்றாய். நின்றேன். என் வாழ்நாளில் யார் சொல்லியும் நான் அவ்வளவு சட்டென்று கீழ்ப்படிந்ததில்லை.

போனிஃபேஸ் துப்பாக்கியைத் தோளில் வைத்துவிட்டான். "சுடாத போனி, குட்டி இருக்கு" என்று நீ சொன்னாய். என்னிடம் தண்ணீர் கேட்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாக. பிறகு இரண்டு கையையும் உயர்த்தி அவளோடு பேசினாய். "போதும்மா. அங்கயே நில்லும்மா. எங்களுக்கு உம் பிள்ளை வேண்டாம். நாங்க போயிடுறோம்." குரல் பெரிதாக இருந்தது, கோபம் இல்லை. அவள் நிற்கவில்லை. அப்போது நீ ஓரடி எடுத்து வைத்தாய். பின்னால் அல்ல, முன்னால்.

அவள் நின்ற இடத்துக்கும் உனக்கும் நடுவில் என் வார்டின் கட்டில் இரண்டு போட்டால் இடம் சரியாக இருக்கும். தலையை உலுக்கினாள். அவள் காதிலிருந்த புழுதி உன் தொப்பியில் விழுந்ததை நான் பார்த்தேன். உன் முழங்கால் நடுங்குகிறதா என்று பார்த்தேன். நோயாளியைப் பார்க்கிற பழக்கம். நடுங்கவில்லை. எவ்வளவு நேரம் என்று கடிகாரம் பார்க்கத் தோன்றவில்லை. முப்பது வருடத்தில் எனக்கு அப்படி ஆனதில்லை. பிறகு அவள் பக்கவாட்டில் திரும்பி, குட்டியிடம் போய்ச் சேர்ந்துகொண்டாள்.

எவரிஸ்டோ, நான் பார்த்துக் கொடுத்த வேலை நல்ல வேலைதான். ஆனால் அது உன்னுடையது இல்லை. உன்னுடையதை நீ இருபத்திரண்டு வயதிலேயே கண்டுபிடித்துவிட்டாய். உன்னை மிருகம் என்றேன். அந்த மிருகமே உன் சொல்லைக் கேட்டுத் திரும்பிப் போனது. எனக்குத்தான் மூன்று வருடம் பிடித்தது. அம்மா சாவில் சொன்னதற்கு என்னை மன்னித்துவிடு. இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அக்காக்களுக்கு அது வருவதில்லை.

ஹால்வோரின் உடைந்த கால் என்ன ஆனது என்று தெரிந்தால் உடனே எழுது. தினமும் அதே நினைப்பாக இருக்கிறது.

அன்புடன்
அக்கா

*

முகுங்குலே
12 செப்டம்பர் 2002

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஃபெபி சத்தமாகப் படித்தாள். பாதியில் நான் வெளியே போய் விறகு பிளந்தேன். தேவையான விறகு ஏற்கெனவே இருந்தது. மன்னிப்பு என்ற பேச்சே வேண்டாம். நானும் சொல்லாமல்தானே ஓடினேன். பயிற்சிப் பள்ளியில் ஜன்னலே இல்லாத அறை அக்கா அது. உன்னிடம் சொன்னால் நீ சமாதானம் சொல்லித் திரும்ப அனுப்பிவிடுவாய் என்று பயம். அந்தப் பயத்தில்தான் ஓடினேன்.

செருப்புகள் சரியாக இருக்கின்றன. கழற்ற மாட்டேன் என்கிறார்கள், படுக்கும்போதும்.

ஹால்வோரிடமிருந்து முகாமுக்குக் கடிதம் வந்திருக்கிறது. கால் பிழைத்தது. அதைச் சொல்வதற்கு முன், நீ எனக்குச் செய்ததை நானும் உனக்குச் செய்கிறேன். நீ அன்று அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உன்னைப் பார்த்தவன் நான்.

யானை போன பிறகுதான் வரிசையில் ஒருவர் குறைகிறார் என்று எண்ணிப் பார்த்தேன். பயத்தில் பின்னால் காலெடுத்து வைத்தவர் காய்ந்த ஓடைக்குள் விழுந்திருந்தார். யானை நிற்கிறது என்று மனிதர் வாயைத் திறக்கவே இல்லை. கையைக் கடித்துக்கொண்டு கிடந்தார். முழங்காலுக்குக் கீழே கால் வேறு பக்கம் பார்த்தது. எலும்பு வெளியே தெரிந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அதைப் பார்த்ததும் நான் தலையைத் திருப்பி மரத்தைப் பார்த்தேன். அந்த ஜோடியில் பெண் அழுதாள். போனிஃபேஸ் ஜெபம் சொன்னான்.

நீ ஓடைக்குள் இறங்கினாய். சறுக்கிக்கொண்டே இறங்கினாய், அந்த முழங்காலோடு. இறங்கும்போதே உன் முகம் மாறிவிட்டது. முகாமில் எல்லாவற்றையும் குறை சொல்லிக்கொண்டிருந்த அக்கா எங்கே போனாள் என்று தெரியவில்லை.

"யோனா, கொதிக்க வச்ச தண்ணி எல்லாம் இங்க வரட்டும். தேத்தண்ணி யாருக்கும் கிடையாது. போனிஃபேஸ், ஜெபத்தை அப்புறம் சொல்லலாம், நேரான கம்பு ரெண்டு வெட்டு." இடுப்பிலிருந்த சிதெங்கே துணியை அவிழ்த்துப் பல்லால் கிழித்தாய். காக்கிக் கால்சட்டையோடு நீ நின்றதைப் பார்த்துச் சிரிக்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

நான் புத்திசாலி மாதிரி, "போனியை முகாமுக்கு அனுப்பி ஆள் வரவழைக்கலாம்" என்றேன். நீ அவர் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாய்.

"விரல் வெளுத்துப் போச்சு. பாதத்துல நாடி இல்லை. ஆள் வர்ற வரைக்கும் இது தாங்காது. இப்பவே இழுத்து நேராக்கணும். எவரிஸ்டோ, தோளைப் பிடி. கத்துவார். நீ விடக் கூடாது."

பிறகு அவரிடம் குனிந்து இங்கிலீஷில் பேசினாய். தலைமையாசிரியரே, எங்கள் பக்கத்துச் சுரங்கங்களில் உடைந்த கால் பாதி என் கையில் வந்ததுதான், ஒன்று எண்ணுவதற்குள் முடிந்துவிடும் என்றாய். அவர் தலையாட்டினார். நீ எண்ணவே இல்லை. ஒரே இழுப்பு. அவர் கத்தியதில் புளியமரத்துக் குரங்குகள் எல்லாம் ஓடின. நீ பாதத்தில் இரண்டு விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாய்.

"வந்துடுச்சு" என்றாய்.

அக்கா, நான் சிங்கம் பார்த்திருக்கிறேன், காட்டுத்தீ பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்டது வேறு. வெளுத்திருந்த விரல் மெல்லச் சிவந்ததை நானே பார்த்தேன். அதற்குப் பிறகு நான் மரத்தைப் பார்க்கவில்லை.

அப்புறம் கம்பும் சட்டைகளும் சேர்த்து நாம் கட்டிய தூளி, மாறி மாறிச் சுமந்த மூன்று மணி நேரம், நீ அரை மணிக்கு ஒரு தடவை "நில்லுங்க" என்று சொல்லி விரல் பார்த்தது. அன்று எல்லோரும் உன் சொல்லுக்குத்தான் நின்றோம், நடந்தோம். ஆற்றின் நடுவில் போனிஃபேஸ் மூச்சு வாங்கிக்கொண்டு, "சிஸ்டர், உங்களை விட எங்க அத்தை பரவாயில்லை. துரத்திட்டாவது விட்டுட்டுப் போயிட்டா" என்றான். தூளியில் கிடந்த மனிதருக்கு நான் இங்கிலீஷில் சொன்னேன். வலியோடு சிரித்தார். நாலு மணிக்கு அவரை லூசாக்காவுக்குக் கொண்டுபோக விமானம் வந்தபோது, எத்தனை மணிக்கு என்ன செய்தாய், நாடி எப்படி என்று ஹால்வோர் பறவைகளைக் குறித்த நோட்டின் தாளில் எழுதிச் சட்டையில் குத்தி அனுப்பினாய்.

அந்தத் தாளைத்தான் லூசாக்காவில் ஆபரேஷன் செய்த டாக்டர் படித்தாராம். "காட்டுக்குள்ள இந்தக் காலை நேராக்கின டாக்டர் யாரு?" என்று கேட்டாராம். "டாக்டர் இல்லை. என்னோடு தங்கியிருந்த விருந்தாளி" என்றாராம் ஹால்வோர். நேராக்காமல் அப்படியே விட்டிருந்தால் பாதம் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னதை எழுதியிருக்கிறார். கோல் ஊன்றி நடக்கத் தொடங்கிவிட்டார்.

முதலாளியம்மாவும் பூங்கா அதிகாரியும் பேசி, உன்னிடம் கேட்கச் சொன்னார்கள். அடுத்த வருடம் முகாம்கள் திறப்பதற்கு முன் இரண்டு வாரம் வந்து, காவலர்களுக்கும் வழிகாட்டிகளுக்கும் முதலுதவி சொல்லிக் கொடுப்பாயா? முப்பத்திரண்டு பேர். எலும்பைக் கண்டால் மரத்தைப் பார்க்கிறவர்கள் என்னையும் சேர்த்துப் பாதிப் பேராவது இருப்பார்கள்.

உன் தம்பி
எவரிஸ்டோ

*

லுவான்ஷியா
6 அக்டோபர் 2002

என் அன்புத் தம்பிக்கு,

பாதம் போயிருக்கும் என்று டாக்டர் சொன்ன வரியை மட்டும் மூன்று தடவை படித்தேன். பிழைத்தது என்று படித்தபோது எழுந்து வீட்டுக்குள்ளேயே ஒரு சுற்று ஆடினேன். பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். பார்க்கட்டும்.

ஓய்வு பெற்றவளுக்கு வேலை கொடுத்திருக்கிறீர்கள். வருகிறேன். முப்பத்திரண்டு பேரும் நகத்தை வெட்டிக்கொண்டு வர வேண்டும். அழுக்கு நகத்தோடு வருகிறவனை முதல் நாளே திருப்பி அனுப்புவேன், அவன் யானைக் குலமாக இருந்தாலும். கால் எலும்புகளைக் காட்டும் பெரிய படம் ஒன்று மேட்ரனிடம் கேட்டு வாங்கியாயிற்று.

இனி எழுதப் போவதை ஒரு மாதமாகத் தள்ளிப்போட்டேன். உன்னிடம் சொல்லாமல் இருந்தால் நீ எனக்கு அவ்வளவு நல்ல கடிதம் எழுதியதற்கு அர்த்தமில்லை.

பதினாறு வருடமாக இங்கே யார் உன்னைப் பற்றிக் கேட்டாலும், என் தம்பி லூசாக்காவில் ஓர் ஆபீஸில் இருக்கிறான், தபால் சரியாக வருவதில்லை என்று சொல்லி வந்திருக்கிறேன். ஆஸ்பத்திரியிலும் அதுதான், கோயிலிலும் அதுதான். அம்மா சாவுக்கு நீ வந்தபோதுகூட, அன்று நான் கத்தியதைக் கேட்டவர்களிடம், கோபத்தில் ஏதோ சொன்னேன் என்று மழுப்பிவிட்டேன். என் தம்பி காட்டில் இருக்கிறான் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் என்னை முன்னால் கூப்பிட்டார். ஆஸ்பத்திரி மூலம் நார்வேக்காரர் விஷயம் அவருக்குப் போயிருக்கிறது. "நம்ம சிஸ்டர் பிரிஸ்கா ஒரு உயிரைக் காப்பாத்தியிருக்காங்க. ரெண்டு வார்த்தை சொல்லுங்க சிஸ்டர்" என்றார். நான் சிவப்பு உடுப்பில் நின்றேன். எதிரே நானூறு பேர். அதில் பாதிப் பேரின் எலும்பு எனக்குப் பெயர் சொல்லித் தெரியும்.

"காலைக் காப்பாத்தினது நான்தான்" என்றேன். "உயிரைக் காப்பாத்தினது நான் இல்லை. அங்க இருந்த ஆறு பேர் உயிரையும் ஒருத்தன் காப்பாத்தினான். யானைக்கு முன்னால ஓரடி எடுத்து வச்சு, அதோட பேசித் திருப்பி அனுப்பினான். துப்பாக்கி வெடிக்கலை. அந்தக் குட்டிக்கு இன்னிக்கும் அம்மா இருக்கா. அவன் என் தம்பி. ஆபீஸ்ல இருக்கான்னு உங்ககிட்ட இத்தனை வருஷமா நான் சொன்னது பொய். அவன் எந்த ஆபீஸ்லயும் இல்லை."

பொய் சொன்னதற்கு என்ன சொல்வார்களோ என்று முன்வரிசையைப் பார்த்தேன். முதலில் பேசியது பாடகர் குழுத் தலைவி மொடெஸ்டா. உட்கார்ந்த இடத்திலிருந்தே, "இப்படி ஒரு தம்பியை வச்சுக்கிட்டு ஆபீஸ்காரன்னு சொன்னியா? உனக்கு பிராயச்சித்தம் குடுக்கணும்" என்றாள். கோயிலே சிரித்தது. பிறகு பெண்கள் குலவையிட ஆரம்பித்தார்கள். கூரைத் தகடு அதிர்ந்தது. உனக்காக இட்ட குலவை அது, எவரிஸ்டோ. நீ அங்கே புல்லில் எதையோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். இங்கே உனக்குக் குலவை.

பிராயச்சித்தம் என்ன தெரியுமா? பாடகர் குழுவிலிருந்து பதினொரு பெண்களை அடுத்த ஜூலையில் நான் உன்னிடம் அழைத்து வர வேண்டும். பெயரெழுதி வைத்துவிட்டார்கள். ஒருத்தியும் ஒல்லி இல்லை, ஒருத்தியும் வாயை மூடுகிறவள் இல்லை. முதலாளியம்மாவிடம் இப்போதே சொல்லி வை.

வாசலில் எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு கிழவர் ஊன்றுகோலோடு வந்தார். பழைய சுரங்கத் தொழிலாளி, பன்னிரண்டு வருடத்துக்கு முன் என் வார்டில் கிடந்தவர். காது கொஞ்சம் மந்தம்.

"சிஸ்டர், அந்தத் தம்பி பேரு என்ன?" என்றார்.

"எவரிஸ்டோ கசுபா" என்றேன்.

"என்ன?" என்று காதில் கைவைத்தார்.

தெரு முழுக்கக் கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னேன்.

உன் அக்கா
பிரிஸ்கா